எஸ்தர் பேசிய நான்கு நிமிடம்

1

நர்ஸ் வேலை பார்ப்பவள் பொய் சொல்லாமல் இருக்க முடியாது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு பொய்யாவது என் வாயிலிருந்து வரும். மகன் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருவார். இந்த மாத்திரை கசக்காது. கால் வீக்கம் நேற்றைக்கு இன்று குறைந்திருக்கிறது. கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிற எனக்கும் தெரியும். அதனால் அது பாவத்தில் சேராது என்று நானே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

போன ஜூன் மாதம் இந்த ஊர்க் கலைவிழாவில் அறுபது பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் சொன்ன பொய் அந்த வகையில் சேராது. என் தங்கை எஸ்தர் மூணாற்றுத் தேயிலைக் காட்டில் நின்றுகொண்டு வீடியோவில் தமிழில் பேசினாள். அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவள் நான். நான் வேறு ஒன்றைச் சொன்னேன். வெளிநாட்டில் இருக்கிறவளுக்கு என்ன குறை என்று கேட்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது வட இங்கிலாந்தில், கடலை ஒட்டிய ஒரு சிற்றூர். வருடத்துக்கு ஒருமுறை இங்கே கலைவிழா நடக்கும். நூலகத்தில் ஓவியம், சர்ச் ஹாலில் பாட்டு, கடற்கரையில் மணல் சிற்பம் என்று பத்து நாள். மழை பெய்தால் எல்லாரும் சர்ச் ஹாலுக்குள் வந்துவிடுவார்கள். பெரும்பாலும் எல்லாரும் சர்ச் ஹாலுக்குள்தான் இருப்பார்கள்.

அந்த விழாவில் பள்ளிகளையும் ஊர் மக்களையும் சேர்ப்பதற்கென்றே ஹெலன் என்று ஒரு பெண் இருக்கிறாள். சம்பளத்துக்கு இருப்பவள்தான், ஆனால் மனசார வேலை செய்கிறவள். அவளுடைய அப்பா எங்கள் இல்லத்தில் கடைசி ஆறு மாதம் இருந்தார். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் என்னிடம் வந்தாள். இந்த வருடம் பிள்ளைகளுக்கு ‘நம் மேசைக்கு வருவது எங்கிருந்து’ என்று ஒரு வகுப்பு வைக்கிறார்களாம். ரொட்டிக்கு ஒரு விவசாயி, மீனுக்கு ஒரு படகுக்காரர், தேநீருக்கு நான். என் மகள் கெசியா பள்ளியில், தன் சித்தி தேயிலை பறிக்கிறாள் என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். அந்தச் சித்தியையே வீடியோவில் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள் ஹெலன்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். இங்கே வந்து பதினாறு வருடத்தில் யாரும் என் வீட்டைப் பற்றி இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. நான் பல்லைக் காட்டிக்கொண்டு சரி என்றேன்.

3

அதற்குப் பிறகு படிவங்கள் வந்தன. பிள்ளைகளுக்கு முன் நிற்க எனக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு. தேயிலையைத் தொட்டால் யாருக்காவது அரிக்குமா என்று ஆபத்து மதிப்பீடு. எஸ்தருடைய படத்தையும் பேச்சையும் பயன்படுத்த அவளுடைய சம்மதக் கையெழுத்து. ஆங்கிலத்தில் நாலு பக்கம். எஸ்தரின் மகள் ஜெனிபா மூணாறு டவுனில் ஒரு கடையில் அச்செடுத்து, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து அனுப்பினாள். முகவரிக் கட்டத்தில் லயத்து எண்ணையும் டிவிஷன் பெயரையும் எழுதியிருந்தாள். லயம் என்றால் என்ன என்று ஹெலன் கேட்டாள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எஸ்டேட் வீடுகள் என்றேன். எவ்வளவு அழகு என்றாள்.

ஒரு படிவத்தில், நீங்கள் எந்தச் சமூகம் என்ற கேள்வி. அதைப் பார்த்துவிட்டு நான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரின் மலையாளிச் சங்கம் ஓணத்துக்கு எங்களைக் கூப்பிடும், இலையும் போடும், ஆனால் பேச்சு வரும்போது ‘நிங்கள் தமிழரல்லே’, நீங்கள் தமிழர்தானே என்று ஒரு சிரிப்பு. பக்கத்து நகரத்துத் தமிழ்ச் சங்கத்துக்குப் போனால், கேரளாவா, அதுதான் பேச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்பார்கள். என் வீட்டுக்காரர் மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம், செக்போஸ்டுக்குப் பக்கம். அவர்கள் வீட்டு மாடு கட்டுவது கேரளத்தில், மேய்வது தமிழ்நாட்டில். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்புள்ள, எதையாச்சும் ஒன்னைய டிக் பண்ணிப்போட்டு வா, சோறு ஆறுது” என்றார். நான் ‘மற்றவை’ என்பதில் குறி வைத்தேன்.

கெசியாவுக்குப் பதிமூன்று வயது. தமிழ், ‘சாப்பிட்டியா’ என்ற அளவுக்குப் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். சித்தி என்ற சொல் அவள் வாயில் ஆன்ட்டி எஸ்தர் ஆகிப் பல வருடம் ஆகிறது. திருத்திப் பார்த்தேன். பிறகு டியூட்டி முடிந்து வந்து திருத்தத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன்.

4

எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

எஸ்டேட்டில் வீடு சொந்தமில்லை என்பது மலைப்பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலையிலிருந்து நின்றால், குடும்பத்தில் இன்னொரு ஆள் பதிவுத் தொழிலாளியாகப் பெயர் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எங்கே இறங்குவது? எங்கள் அப்பாவின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். எந்த ஊர் என்பதுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு நெஞ்சு சளி முற்றி வேலை முடிந்தபோது வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு மதுரையில் நர்ஸிங் இடம் கிடைத்திருந்தது. எஸ்தர் பிளஸ் டூ முடித்திருந்தாள்.

அவள் நன்றாகப் பேசுவாள். உபஜில்லா கலோல்சவம் என்று கேரளப் பள்ளிகளுக்குக் கலைவிழா உண்டு. அதில் தமிழ்ப் பேச்சுக்கு இரண்டு வருடம் அவள்தான் முதல். அடுத்த கட்டத்துக்குத் தொடுபுழை போனோம். நானும் துணைக்குப் போயிருந்தேன். பெரிய பந்தலில் ஒப்பனையும் செண்டை மேளமுமாக அமளி. தமிழ்ப் பேச்சுக்குக் கொடுத்தது பின்கட்டில் ஒரு வகுப்பறை. கேட்க உட்கார்ந்திருந்தது நானும் இன்னொரு பிள்ளையின் மாமாவும். எஸ்தர் அந்தக் காலி பெஞ்சுகளைப் பார்த்து, நிறைந்த சபைக்குப் பேசுவதுபோல் பேசினாள். வரும்போது ஜீப்பில், டீச்சர் டிரெயினிங் முடித்து எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடப்போகிறேன் என்று சொன்னாள்.

அந்த வருடம் மே மாதம் அவள் பெயர் கொடுத்தாள். யார் கொடுப்பது என்று வீட்டில் பேச்சே நடக்கவில்லை. நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன், அவள் அம்மாவோடு ஆபீஸுக்குப் போய்விட்டு வந்தாள். அவ்வளவுதான் நடந்தது. நான் அன்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இங்கே வந்த முதல் வருடம் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன், மலைக்குக் கீழே போடியில் ஒரு சின்ன வீடு கட்டித் தருகிறேன், இறங்கி வந்துவிடு என்று. அம்மா சாகும்வரை அந்த வீட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எங்களுக்கு விசா புதுப்பிப்பு, குடியுரிமை, இங்கே வீட்டுக்கடன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அடுத்த வருஷம் என்றேன். எஸ்தர் சரிக்கா என்பாள். அவள் வீட்டுக்காரர் மூணாற்றில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார், எஸ்டேட் பதிவில் இல்லை. ஆகவே வீடு எஸ்தருடைய இடுப்பில்தான் நின்றுகொண்டிருந்தது. அந்த இடுப்பில் எலும்பு விலகிவிட்டது என்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது விழாவுக்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரலில். எனக்குச் சொன்னாள். ஊசி போட்டால் சரியாகும், குனியாதே என்று நர்ஸ் தொனியில் புத்தி சொன்னேன்.

5

வகுப்பு காலை பதினொன்றரைக்கு, மூணாற்றில் மாலை நான்கு. சர்ச் ஹாலில் பெரிய திரை. பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் ஆசிரியைகள், நூலகத்துக்காரர்கள், என் இல்லத்திலிருந்து வந்த இரண்டு சகஊழியர்கள். மூன்றாவது வரிசையில் கெசியா. அவள்தான் சித்தியை அறிமுகப்படுத்தி நாலு வரி வாசித்தாள். நன்றாக வாசித்தாள், அதில் மட்டும் எனக்குச் சந்தோஷம்.

ஹெலன் எதிர்பார்த்தது வெயிலும் பச்சை மலையும். திரையில் வந்தது மழையும் மூடுபனியும். எஸ்தர் இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைக் கட்டிக்கொண்டு ரேஞ்சு கிடைக்கும் வளைவில் நின்றாள். ஜெனிபா ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாகப் படம் பிடித்தாள். இதற்காக அம்மா அரைநாள் லீவு கேட்டு வாங்கியிருந்தாள். எஸ்தர் கையில் கத்திரி. இப்போது கொழுந்தைப் பெரும்பாலும் கத்திரியால்தான் வெட்டுகிறார்கள், விரலால் கிள்ளினால் எடை தேறாது. கத்திரியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் கிள்ளிக் காட்டச் சொல்ல முடியுமா என்று ஹெலன் என் காதில் கேட்டாள். சொன்னேன். எஸ்தர் சிரித்துவிட்டு, இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளிக் காட்டினாள். பிள்ளைகள் ஆவென்று பார்த்தார்கள்.

அட்டை கடிக்குமா என்று ஒரு பையன் கேட்டான். யானை வருமா என்று இன்னொருவன். எஸ்தர், போன வாரம் ரேஷன் கடைக் கதவை உடைத்துவிட்டு அரிசி தின்றுபோன யானையைப் பற்றிச் சொன்னாள். அதையெல்லாம் நான் ஒரு சொல் குறையாமல் சொன்னேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு பெண் குழந்தை எழுந்து, நீங்கள் சின்ன வயதிலேயே இந்த வேலைக்கு வர ஆசைப்பட்டீர்களா என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று ஆசிரியை தலையாட்டினார். நான் எஸ்தரிடம் தமிழில் கேட்டேன்.

எஸ்தர் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து நின்றாள், தொடுபுழையில் நின்றதுபோல.

“இல்ல பாப்பா. நான் டீச்சராகணும்னு இருந்தேன். எங்கம்மாவுக்கு வேல முடிஞ்சப்ப வீட்டுல யாராச்சும் பேர் குடுக்கணும்னு வந்துச்சு. இல்லன்னா வீட்ட விட்டு எறங்கணும். அக்கா படிக்கப் போகணும், அதனால நான் குடுத்தேன். இப்ப எனக்கு இடுப்பு போயிருச்சு. இந்த மாசத்தோட என்னைய நிப்பாட்டிருவாக. இந்தா போனப் பிடிச்சுக்கிட்டு நிக்காளே, எம் மக, இவளுக்குத் தேனியில காலேசு எடம் கெடச்சிருக்கு. இவ பேர் குடுத்தா வீடு நிக்கும், காலேசு போயிரும். காலேசுக்குப் போனா வீடு போயிரும். ரெண்டுல எத விடன்னு எனக்குத் தெரியல.”

அதோடு நிற்கவில்லை. பெயர் கொடுத்த முதல் நாள் கூடையோடு மேட்டில் ஏறியபோது பள்ளிக்கூட மணி அடித்ததைச் சொன்னாள். மகளும் அதே மேட்டில் ஏறுவதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்றாள். அழவில்லை. நிறுத்தி, தெளிவாக, கேட்பவர்களுக்குப் புரிய வேண்டுமென்று பேசினாள். நான்கு நிமிடம் இருக்கும். போன் இரண்டு மூன்று தடவை ஆடியது. மாத முடிவில் வேலை போவது, ஜெனிபாவின் காலேஜ் இடம் எல்லாம் எனக்கு அப்போதுதான் தெரியும்.

அறுபது பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். கெசியாவும் பார்த்தாள். இவளுடைய அம்மா நர்ஸானது எப்படி என்று இந்த ஹாலில் எல்லாருக்கும் தெரியப்போகிறது என்று தோன்றியது. வாயைத் திறந்தேன்.

தனக்குச் சின்ன வயதிலிருந்தே மலைகள் என்றால் உயிர், வேறு எங்கும் இருக்க நினைத்ததில்லை என்று சொல்கிறாள் என்றேன்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். திரையில் எஸ்தர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கும்பிட்டாள்.

6

வீட்டுக்கு வரும் வழியில் கெசியா உற்சாகமாக இருந்தாள். ஆன்ட்டி எஸ்தர் கொடுத்துவைத்தவர், பிடித்த இடத்தில் பிடித்த வேலை, நீயும் இருக்கிறாயே எப்போதும் சலித்துக்கொண்டு என்றாள். நான் கார் கண்ணாடியைத் துடைத்தேன். அன்று மாலையே எஸ்தருக்குப் போன் செய்திருக்க வேண்டும். டியூட்டி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டேன்.

வகுப்பு நடந்த மூன்றாம் வாரம் நூலகத்தில் கண்காட்சி வைத்தார்கள். எஸ்தர் பனியில் நிற்கும் படம், ஆள் உயரத்துக்கு. அதன் கீழே பெரிய எழுத்தில் நான் சொன்ன வாக்கியம், மேற்கோள் குறிக்குள், எஸ்தர் என்ற பெயரோடு. கெசியா அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து ஜெனிபாவுக்கு அனுப்பினாள். ஜெனிபாவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும்.

அவளிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. “பெரியம்மா, அம்மா போட்டோ ரொம்ப நல்லாருக்கு. அதுல எழுதியிருக்கது அம்மா சொன்னதில்லையே, பெரியம்மா. நான் பக்கத்துலதான நின்னேன்.” கோபமே இல்லை அந்தக் குரலில். கணக்கில் ஒரு படி விட்டுப்போனதை டீச்சரிடம் காட்டும் பிள்ளையின் குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, “படத்தை உடு. மொதல்ல உந் தங்கச்சிகிட்டப் பேசு புள்ள” என்றார்.

நான் படத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். அது எளிது. ஹெலனுக்கு எழுதினேன், மொழிபெயர்ப்பில் தவறு நேர்ந்துவிட்டது, உண்மையில் அவள் சொன்னது இது என்று. ஹெலன் அன்போடு பதில் போட்டாள். படித்து அழுதாளாம். ஆனால் பங்கேற்பாளரின் வார்த்தைகளை மாற்ற வேண்டுமென்றால் அவரே கையெழுத்திட்ட புதிய சம்மதப் படிவம் தேவை, இதனுடன் இணைத்திருக்கிறேன், கண்காட்சி இன்னும் பத்து நாளில் முடிகிறது, நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை ஏற்கெனவே போய்விட்டது என்று எழுதியிருந்தாள். நாலு பக்கப் படிவத்தை ஜெனிபாவுக்கு அனுப்பி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொன்னேன். பதில் வரவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நானே கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். எஸ்தர்தான் எடுத்தாள். சாப்பிட்டியா, மழையா, இடுப்பு எப்படி என்று சுற்றி வந்தேன். அவள் நேராகவே வந்தாள்.

“நீ அனுப்புன பாரத்த ஜெனிபா காட்டினா. எதுக்குக்கா இது?”

நான் சொன்னேன். மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன். பயமாக இருந்தது, வெட்கமாக இருந்தது, கெசியா உட்கார்ந்திருந்தாள் என்று உளறினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. நான் அம்புட்டு நேரம் பேசுனேன், நீ ஒத்த வரியில முடிச்சிட்ட. பிள்ளைகளும் கை தட்டுச்சு. நான் சொன்னதுக்கு யாரு கை தட்டுவா?”

கையெழுத்துப் போட்டு அனுப்பு, போர்டை மாற்றச் சொல்கிறேன், நீ சொன்னது எல்லாருக்கும் தெரியட்டும் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. எதையோ விற்க வந்தவளின் குரலாக இருந்தது.

“அந்தப் பிள்ளைக தெரிஞ்சு என்னக்கா செய்யப்போகுது? அதுகளுக்கா சொன்னேன்? போடி வீட்டப் பத்தித் தனியாக் கேக்க எனக்கு வாய் வரல. நாலு பேரு முன்னால கேட்டா நீ தட்டிக் கழிக்க மாட்டேன்னு நெனச்சேன். உனக்குத்தான் சொன்னேன்.”

போடி வீட்டை இந்த வருஷமே ஆரம்பிக்கலாம், அதுவரை வாடகைக்கு ஒரு இடம் பார்க்கலாம், ஜெனிபா காலேஜுக்குப் போகட்டும் என்று சொல்ல வாய் வந்தது. ஜெனிபாவைக் கூப்பிடு, அவளிடம் நானே சொல்கிறேன் என்றேன்.

“அவ இல்லக்கா. வெள்ளிக்கெழம பேர் குடுத்துட்டா. பூட்ஸ் வாங்க மூணாறுக்குப் போயிருக்கா. நாளைக்கு மொத நாளு” என்றாள் எஸ்தர்.